90-ஐ உடைப்பது எப்படி? கோல்ஃப் மேதை பாபி ஜோன்ஸ் சாதாரண ஆட்டக்காரர்களுக்குப் பாடம் எடுத்த கதை

1933-ல் ஹாலிவுட்டின் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் ஆறு குறும்படங்களை வெளியிட்டது. தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் ஓடும் சின்னச் சின்னப் படங்கள். அந்தத் தொடரின் தலைப்பைத் தமிழில் சொன்னால், '90-ஐ உடைப்பது எப்படி'. கோல்ஃப் மட்டையை எப்படிப் பிடிப்பது, இடுப்பை எப்படித் திருப்புவது, பந்தை எந்த இடத்தில் சந்திப்பது என்று ஸ்லோ மோஷனில் பாடம் எடுத்தவர் பாபி ஜோன்ஸ். மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் ஒரே ஆண்டில் நான்கு பெரிய பட்டங்களையும் ஜெயித்துவிட்டு, 28 வயதில் போட்டிகளுக்கு முழுக்குப் போட்டவர்.

அவருக்கு 90 என்பது கெட்ட கனவு. ஆனால், படம் பார்க்க வந்த ஜனங்களுக்கு அதுதான் கனவே. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் புரிந்துகொண்டால் கோல்ஃபில் அமெச்சூர்கள் எப்படி ஆடுகிறார்கள் என்பது புரியும். பாபி ஜோன்ஸின் வாழ்க்கையும் புரியும்.

அது என்ன 90 கணக்கு?

கிரிக்கெட்டில் ரன் ஏற ஏறக் கொண்டாட்டம். கோல்ஃபில் அப்படியே உல்டா. எவ்வளவு குறைந்த ஷாட்டில் பந்தைக் குழிக்குள் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. ஒரு முழு ஆட்டத்தில் 18 ஹோல்கள். ஒவ்வொன்றுக்கும், நன்றாக ஆடுபவர் எத்தனை ஷாட்டில் முடிக்க வேண்டும் என்று ஒரு எண் உண்டு. அதற்குப் பெயர் 'பார்'. தூரத்தைப் பொறுத்து அது 3, 4 அல்லது 5. பதினெட்டையும் கூட்டினால் பெரும்பாலான முழு மைதானங்களில் 72 அல்லது அதற்குப் பக்கத்தில் வரும்.

பாரைவிட ஒரு ஷாட் கூடினால் 'போகி'. (நம்ம ஊர் போகிப் பண்டிகைக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது.) இப்போது கணக்கு போடுங்கள். 18 ஹோலிலும் போகி அடித்தால் 72-உடன் 18 சேர்ந்து 90. அதை உடைக்க, அதாவது 89 எடுக்க, 17 போகியும் ஒரே ஒரு பாரும் போதும். கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? வருஷக்கணக்கில் ஆடியும் இதைத் தாண்டாதவர்கள் ஏராளம்.

100-ஐ உடைக்க இன்னும் தாராளம்: ஒன்பது ஹோலில் போகி, மற்ற ஒன்பதில் பாரைவிட இரண்டு ஷாட் கூடுதல். மொத்தம் 99. ஆனால் 80-ஐ உடைக்க வேண்டுமென்றால் கதையே வேறு. 79 என்பது 11 பாரும் ஏழு போகியும். 99-ல் ஒரு பார்கூடத் தேவைப்படவில்லை. 79-ல் பாதிக்கு மேல் பார் வேண்டும்.

இந்தத் தரவரிசையை ஒரே எண்ணில் சொல்லத்தான் 'ஹேண்டிகேப்' வந்தது. ஹேண்டிகேப் பூஜ்யம் என்றால் 'ஸ்கிராட்ச்' ஆட்டக்காரர். 18 என்றால், சராசரி கடினமுள்ள மைதானத்தில் பாரைவிட ஏறக்குறைய 18 கூடுதலாக எடுக்கக்கூடியவர். ஆனால் இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. இன்றைய முறையில் கடைசி 20 ஆட்டங்களில் மிகச் சிறந்த எட்டை மட்டும் எடுத்துத்தான் கணக்கிடுகிறார்கள். ஆக, ஹேண்டிகேப் என்பது ஒருவரின் சராசரி அல்ல, அவரால் முடிகிற நல்ல ஆட்டம். சாதாரண நாளில் அதைவிட மூன்று, நான்கு ஷாட் கூடத்தான் வரும். பார் 72 உள்ள ஒரு மைதானத்தில் ஸ்கிராட்ச் ஆட்டக்காரரின் வழக்கமான நாள் 75 வாக்கில் இருக்கும். ஹேண்டிகேப் 10 என்றால் 85. ஹேண்டிகேப் 18 என்றால் 93, 94.

அமெரிக்காவில் ஹேண்டிகேப் வைத்திருக்கும் ஆண்களின் சராசரி 14 வாக்கில் இருக்கிறது. பெண்களுக்கு 28 வாக்கில். அந்த 14-ஐ இதே கணக்கில் போட்டுப் பாருங்கள், 89, 90-ல் வந்து நிற்கும். அதுவும் முறையாகக் கார்டு எழுதி ஹேண்டிகேப் வாங்கியவர்களுக்குத்தான். விடுமுறை நாளில் நண்பர்களோடு போய் ஆடிவிட்டு வருபவர்களையும் சேர்த்தால் மூன்றிலக்கம் சர்வ சாதாரணம்.

நோஞ்சான் பையன்

ராபர்ட் டயர் ஜோன்ஸ் ஜூனியர் பிறந்தது 1902 மார்ச் 17-ல், அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணம் அட்லாண்டாவில். அப்பா வக்கீல். பிறந்ததிலிருந்தே வயிற்றுக் கோளாறு. ஐந்து வயதுவரை திட உணவே சரியாகச் சேரவில்லை. பையன் உடம்பு தேறட்டும் என்றுதான் குடும்பம் கோடைக்காலத்தில் ஊருக்கு வெளியே இருந்த ஈஸ்ட் லேக் பகுதிக்குப் போனது. அங்கே கோல்ஃப் மைதானம் இருந்தது.

யாரும் அவரை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி ஊரிலிருந்து வந்த ஸ்டூவர்ட் மெய்டன் அங்கே பயிற்சியாளர். அவர் பின்னாலேயே நடந்து, அவர் அடிப்பதைப் பார்த்து, வீட்டுக்கு வந்து அப்படியே செய்து பார்ப்பது. அவ்வளவுதான் பயிற்சி.

1913-ல், ஜோன்ஸுக்கு 11 வயது இருக்கும்போது, இங்கிலாந்தின் ஹாரி வார்டனும் டெட் ரேயும் ஈஸ்ட் லேக்கில் காட்சி ஆட்டம் ஆட வந்தார்கள். ரே பந்தைக் கண்காணாத தூரத்துக்கு அடிப்பவர். வார்டன் அலட்டிக்கொள்ளாமல் ஒவ்வொரு ஹோலிலும் பார் எடுத்துக்கொண்டே போனார். எதிராளி என்ன செய்கிறார் என்று திரும்பிக்கூடப் பார்க்காமல், கண்ணுக்குத் தெரியாத யாரோ ஒருவரோடு ஆடுவதுபோல இருந்ததாகப் பையனுக்குத் தோன்றியது. அந்த யாரோ ஒருவருக்குப் பிற்காலத்தில் ஜோன்ஸ் வைத்த செல்லப் பெயர் 'பார் கிழவர்'. அந்தக் கிழவர் அற்புதமான ஷாட் எதுவும் அடிக்கமாட்டார், சொதப்பவும் மாட்டார்.

பார்த்தது 11 வயதில். அது மண்டையில் ஏற இன்னும் பத்து வருஷம் ஆச்சு.

கிழிந்த கார்டு

14 வயதில், 1916-ல், ஜார்ஜியா மாகாணப் பட்டம். அதே ஆண்டு பென்சில்வேனியாவின் மேரியான் மைதானத்தில் நடந்த அமெரிக்க அமெச்சூர் போட்டியில் காலிறுதி. பத்திரிகைகள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடின. அதற்குப் பிறகு ஏழு வருஷம் தேசிய அளவில் ஒரு பட்டமும் இல்லை.

திறமை குறையவில்லை. கோபம்தான் பிரச்சினை. மட்டையைத் தூக்கி எறிவார். 1921-ல் அப்படி எறிந்த மட்டை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் காலில் பட்டது. அடக்கிக்கொள்ளாவிட்டால் போட்டிகளில் ஆட முடியாது என்று அமெரிக்க கோல்ஃப் சங்கம் எச்சரித்தது.

அதே 1921-ல், கோல்ஃபின் தாய்வீடான ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் பிரிட்டிஷ் ஓபன். மூன்றாவது சுற்றின் முதல் ஒன்பது ஹோலுக்கு 46 ஷாட். இது ஒரு போகி ஆட்டக்காரர் எடுக்கிற எண். பத்தாவது ஹோலில் இன்னொரு 6. பதினொன்றாவது ஹோலில் பந்து 'ஹில்' என்ற மணல் பங்கரில் விழுந்தது. அடித்தார், அடித்தார், வெளியே வரவில்லை. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டார். போட்டியிலிருந்து அவரே தன்னை விலக்கிக்கொண்டது மாதிரி ஆயிடுச்சு. கார்டைக் கிழித்துப் போட்டார் என்பார்கள். வாழ்நாள் முழுக்க அவர் வெட்கப்பட்ட சம்பவம் அது.

யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. இன்று கிளப்பில் ஆடும் சாதாரண அமெச்சூருக்கு இந்த இடத்தில் ஒரு பாதுகாப்பு உண்டு. ஹேண்டிகேப் கணக்கில் ஒரு ஹோலுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு இருக்கிறது. ஒரே பங்கரில் பத்து ஷாட் அடித்தாலும் அந்த வரம்புக்கு மேல் ஏறாது. அடுத்த ஹோலுக்கு நடையைக் கட்டலாம். ஓபன் போட்டியில் அந்தச் சலுகை கிடையாது, எல்லா ஷாட்டும் கணக்கில் வரும்.

மாறியது எது?

1923-ல் நியூயார்க் அருகே இன்வுட்டில் முதல் அமெரிக்க ஓபன் பட்டம். அங்கிருந்து 1930 வரை ஜோன்ஸ் ஆடிய பெரிய போட்டிகள் 21. அதில் ஜெயித்தது 13: அமெரிக்க ஓபன் நான்கு, பிரிட்டிஷ் ஓபன் மூன்று, அமெரிக்க அமெச்சூர் ஐந்து, பிரிட்டிஷ் அமெச்சூர் ஒன்று. இத்தனைக்கும் கோல்ஃப் அவருக்குத் தொழில் கிடையாது. ஜார்ஜியா டெக்கில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங், ஹார்வர்டில் ஆங்கில இலக்கியம், எமரியில் சட்டம் என்று படித்து வக்கீலானவர். வருஷத்தில் பல மாதங்கள் மட்டையைத் தொடக்கூட மாட்டார்.

ஸ்விங் அதேதான், ஆள் அதேதான். எதிரில் நிற்பவரோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டுப் பார் கிழவரோடு ஆட ஆரம்பித்ததுதான் தன்னைத் திருப்பியது என்று அவரே நம்பினார். 1926-ல் இங்கிலாந்தின் சன்னிங்டேலில், பிரிட்டிஷ் ஓபனுக்கான தகுதிச் சுற்றில் அவர் எடுத்த 66-ஐ இன்றும் பேசுகிறார்கள். முதல் பாதி 33, இரண்டாம் பாதி 33. எந்த ஹோலிலும் 3 அல்லது 4. ஒரு 5 கிடையாது, அதிசயமாக ஒரு 2-ம் கிடையாது. பார்க்கவே சலிப்பூட்டும் கார்டு.

90 அடிப்பவரின் கார்டை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதிலும் 4 இருக்கும், சில சமயம் 3-ம் இருக்கும். கூடவே ஒரு 7, ஒரு 8. நல்ல ஷாட் இரண்டு பேரிடமும் இருக்கிறது. வித்தியாசத்தைப் போடுவது அந்த 7-ம் 8-ம்தான்.

அதற்காக மேதைகளுக்கு 7 வராது என்று இல்லை. 1929 அமெரிக்க ஓபன், நியூயார்க்கின் விங்டு ஃபுட். கடைசிச் சுற்றில் ஜோன்ஸ் இரண்டு 7 எடுத்து, 79-ல் முடித்தார். கையிலிருந்த பட்டம் போச்சு என்ற நிலையில், கடைசி ஹோலில் ஒரு நீளமான பட் உள்ளே விழுந்து, ஆல் எஸ்பினோசாவோடு சமநிலை. மறுநாள் 36 ஹோல் பிளே-ஆஃப். ஜோன்ஸ் 72, 69. தொழில்முறை ஆட்டக்காரரான எஸ்பினோசா 84, 80. வித்தியாசம் 23 ஷாட்! முந்தின நாள் வரை சமமாக இருந்த இரண்டு பேர். ஒரே ஒரு ஆட்டத்தை வைத்து யாருடைய தரத்தையும் முடிவு செய்யாமல் 20 ஆட்டம் கேட்கிறார்களே, ஏன் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

ஒரு ஷாட்டின் விலை

ஆனால் இந்த எண்ணெல்லாம் எதை நம்பி நிற்கிறது? கிரிக்கெட்டில் ஸ்கோரர் இருக்கிறார், அம்பயர் இருக்கிறார். கோல்ஃபில், அதுவும் அமெச்சூர் கோல்ஃபில், பெரும்பாலான நேரம் நீங்கள் எத்தனை அடித்தீர்கள் என்று சொல்ல வேண்டியது நீங்கள்தான். புதருக்குள் தடுமாறியதை யாரும் பார்க்கவில்லை. ஐந்தா, ஆறா? உங்கள் மனசாட்சிக்குத்தான் வெளிச்சம்.

1925 அமெரிக்க ஓபன், மாசசூசெட்ஸின் உஸ்டர் கிளப். முதல் சுற்று, பதினொன்றாவது ஹோல். கிரீனை ஒட்டிய சரிவில், நீளமான புல்லில் ஜோன்ஸின் பந்து கிடந்தது. அடிக்கத் தயாராக மட்டையைப் பக்கத்தில் வைத்தபோது பந்து துளி அசைந்தது. அப்போதைய விதிப்படி அதற்கு ஒரு ஷாட் அபராதம். அவரைத் தவிர யார் கண்ணிலும் படவில்லை. அவரோடு ஆடியவர் பார்க்கவில்லை, அதிகாரிகளும் பார்க்கவில்லை. முடிவை அவரிடமே விட்டார்கள். அசைந்தது என்று ஜோன்ஸ் அடித்துச் சொல்லி, கார்டில் ஒன்றைக் கூட்டி 77 என்று எழுதினார்.

நான்கு சுற்றும் முடிந்தபோது அவரும் ஸ்காட்லாந்தில் பிறந்த வில்லி மக்ஃபார்லேனும் 291-ல் சமம். அந்த ஒரு ஷாட் இல்லாவிட்டால் கோப்பை அன்றைக்கே ஜோன்ஸ் கையில். பிளே-ஆஃப் முதல் சுற்றில் இருவரும் 75. இரண்டாவதில் மக்ஃபார்லேன் 72, ஜோன்ஸ் 73. ஒரே ஒரு ஷாட்டில் போச்சு.

நேர்மையை மெச்சியவர்கள் மேல் அவருக்கு எரிச்சல்தான் வந்தது. திருடாமல் இருந்ததற்கு ஒருவரைப் பாராட்டுவார்களா என்பது அவர் கேள்வி. இந்தக் கதையைப் பலரும் வெறும் நீதிக்கதையாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு இது கணக்குப் பாடமாகவும் தெரிகிறது. ஹேண்டிகேப் 5 உள்ளவரும் 25 உள்ளவரும் ஒரே போட்டியில் நியாயமாக மோத முடிகிறது என்றால், இருவரின் கார்டும் உண்மை என்ற ஒரே நம்பிக்கையில்தான். ஷாட்டைக் குறைத்து எழுதினால் அது வெட்டிப் பெருமை. வேண்டுமென்றே கூட்டி எழுதி, ஹேண்டிகேப்பை ஏற்றி வைத்துக்கொண்டு, பரிசுப் போட்டியில் சலுகை வாங்கி ஜெயிப்பது அதைவிட மோசம்.

காசு விஷயத்திலும் அவர் கறார். 1927-ல் அட்லாண்டா நண்பர்கள் வீடு வாங்க 50,000 டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். அமெச்சூர் அந்தஸ்துக்கு ஆபத்து என்று தெரிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

உச்சியிலிருந்து இறங்கி

1930. மே மாதம் செயின்ட் ஆண்ட்ரூஸில் பிரிட்டிஷ் அமெச்சூர். ஜூனில் ஹாய்லேக்கில் பிரிட்டிஷ் ஓபன். ஜூலையில் மின்னியாபோலிஸ் அருகே இன்டர்லாக்கனில் அமெரிக்க ஓபன். அதில் நான்கு சுற்றுக்கும் சேர்த்து 287, பாரைவிட ஒன்றே ஒன்று குறைவு. செப்டம்பர் 27-ல், 14 வயதில் முதலில் பெயர் வாங்கிய அதே மேரியானில், அமெரிக்க அமெச்சூர். ஒரே ஆண்டில் அந்த நான்கு பட்டங்களையும் வேறு யாரும் ஜெயித்ததில்லை.

நவம்பரில் ஓய்வை அறிவித்தார். போட்டி நாட்களில் சாப்பாடு இறங்காது, எடை மளமளவென்று குறையும். மனைவி மேரி, குழந்தைகள், வக்கீல் தொழில் எல்லாம் காத்திருந்தன. அமெச்சூர் என்ற கட்டுப்பாடு நீங்கியதும்தான் வார்னர் பிரதர்ஸோடு ஒப்பந்தம் போட முடிந்தது. 1931-ல் முதலில் 12 படங்கள், 1933-ல் மேலே சொன்ன ஆறு.

அந்த இரண்டாவது தொடரின் தலைப்பில் 90 இருப்பதுதான் அழகு. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் '70-ஐ உடைப்பது எப்படி' என்று எடுத்திருந்தால் பார்க்க எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

அதே காலத்தில் அவர் இன்னொரு வேலையிலும் இறங்கியிருந்தார். ஜார்ஜியாவின் அகஸ்டா ஊரில் பழைய நர்சரித் தோட்டம் ஒன்றை நண்பர்களோடு வாங்கி, அலிஸ்டர் மெக்கென்ஸி என்ற வடிவமைப்பாளரோடு சேர்ந்து ஒரு மைதானம் அமைத்தார். அதுதான் இன்று மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அகஸ்டா நேஷனல். டிவியில் பார்ப்பவர்களுக்கு அது உலகின் மிகக் கடினமான மைதானங்களில் ஒன்று. கட்டியவர்களின் நோக்கம், சராசரி ஆட்டக்காரரும் சந்தோஷமாக ஆடிவிட்டுப் போக வேண்டும் என்பது. அதனால் அகலமான ஃபேர்வே. முதலில் மொத்தமே 22 பங்கர்தான். 13, 15 ஆகிய ஹோல்களில் கிரீனுக்கு முன்னால் தண்ணீர் இருக்கும். தைரியமும் திறமையும் இருப்பவர் இரண்டாவது ஷாட்டிலேயே தாண்டிப் பார்க்கலாம். மற்றவர் தண்ணீருக்கு முன்னால் நிறுத்தி, மூன்றாவதில் தாண்டி, நிம்மதியாக ஒரு 5 அல்லது 6 எடுக்கலாம். ஒரே ஹோல், இரண்டு தரத்துக்கு இரண்டு பாதை.

ஏன் இரண்டு பாதை வேண்டும்? அமெரிக்க கோல்ஃப் சங்கம் மைதானங்களை அளக்கப் பயன்படுத்தும் வரையறையைப் பாருங்கள். ஸ்கிராட்ச் ஆண் ஆட்டக்காரர் முதல் ஷாட்டில் சராசரியாக 250 கஜம் அடிப்பார், இரண்டு ஷாட்டில் 470 கஜம் போவார். ஹேண்டிகேப் 20 உள்ள 'போகி' ஆண் ஆட்டக்காரர் 200 கஜம், இரண்டு ஷாட்டில் 370. பெண்களில் ஸ்கிராட்ச் என்றால் 210 கஜமும் 400-ம், போகி என்றால் 150-ம் 280-ம். 420 கஜ ஹோல் ஒன்றில் போகி ஆட்டக்காரர் எவ்வளவு கச்சிதமாக அடித்தாலும் இரண்டாவது ஷாட்டில் கிரீனைத் தொடப்போவதில்லை. அவருக்கு அது 4 என்று கார்டில் அச்சடித்திருந்தாலும் உண்மையில் 5-தான்.

சராசரி ஆட்டக்காரருக்காக என்று சொன்ன அந்த மைதானத்துக்குள் சராசரி மனிதர் நுழைய முடிந்ததா என்பது தனிக் கேள்வி. அது பணக்காரர்களின் கிளப். கறுப்பினத்தவர் கேடியாக மட்டையைச் சுமந்தார்கள். மாஸ்டர்ஸில் ஒரு கறுப்பின வீரர், லீ எல்டர், ஆடியது 1975-ல். கறுப்பின உறுப்பினர் ஒருவரைச் சேர்த்தது 1990-ல், பெண்களைச் சேர்த்தது 2012-ல். ஜோன்ஸைப் புகழும் கட்டுரைகள் இதைத் தாண்டிக் குதித்துவிடுவது சரியல்ல.

1934-ல் முதல் மாஸ்டர்ஸ் நடந்தபோது விருந்தளிப்பவர் என்ற முறையில் ஜோன்ஸும் ஆடினார். 76, 74, 72, 72. பதின்மூன்றாம் இடத்தைச் சிலரோடு பகிர்ந்துகொண்டார். நான்கு வருஷ இடைவெளி என்ன செய்யும் என்பதற்கு இதுவே அளவு.

கடைசி ஆட்டம்

இரண்டாம் உலகப் போரில் விமானப்படை உளவுப் பிரிவில் சேர்ந்து, 1944-ல் நார்மண்டியிலும் இறங்கினார். திரும்பி வந்த சில வருஷங்களில் கையும் காலும் மரத்துப்போக ஆரம்பித்தன. 1948-ல், 46 வயதில், ஈஸ்ட் லேக்கில் கடைசியாக ஒரு முழு ஆட்டம். சிரிங்கோமையீலியா என்ற தண்டுவட நோய். முதலில் ஒரு ஊன்றுகோல், அப்புறம் இரண்டு, கடைசியில் சக்கர நாற்காலி. மட்டையைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்த விரல்களால் பேனாவைக்கூடப் பிடிக்க முடியவில்லை. ஆனாலும் மாஸ்டர்ஸுக்கு வருவதை நிறுத்த நெடுங்காலம் மறுத்தார்.

1958-ல் செயின்ட் ஆண்ட்ரூஸில் முதல் உலக அமெச்சூர் அணிகள் போட்டி. ஆடாத கேப்டனாக அமெரிக்க அணியோடு போனார். பிளே-ஆஃபில் ஆஸ்திரேலியா ஜெயித்தது. அந்தப் பயணத்தில்தான் ஊர் அவருக்குக் கௌரவக் குடியுரிமை வழங்கியது. அமெரிக்கர்களில் அவருக்கு முன் அதைப் பெற்றவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், 1759-ல்.

1971 டிசம்பர் 18-ல் அட்லாண்டாவில் காலமானார், 69 வயதில். அடுத்த ஆண்டு செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸின் பத்தாவது ஹோலுக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1921-ல் அவர் 6 எடுத்த அதே ஹோல். அதை முடித்து அடுத்த ஹோலுக்கு நடந்தால், ஹில் பங்கர் இன்றும் அங்கேயே இருக்கிறது.